தூரிகை பிடித்த புரவலர்



மழை விட்ட மறுநாள் காலையில் நம் கணியூரிலிருந்து தெற்கே நோக்கினால், மலைத்தொடர் கழுவித் துடைத்து வைத்தது போலத் தெரியும். முன்னே தென்னந்தோப்பு, அடுத்துக் கரும்பு வயல், அப்பால் காற்றாலைகள், ஒரு புறம் அமராவதி ஆறு. இக்காட்சியை நாள்தோறும் காண்கிறோம். ஆயினும் “மலைக்கு என்ன நிறம்?” என்று ஓவிய வகுப்பில் கேட்டால், பாதிப் பேர் பச்சை வண்ணத்தைத்தான் எடுக்கிறோம். காலையில் அது வெளிர்நீலம், நண்பகலில் சாம்பல், மாலையில் கருநீலம். நாம் பார்த்தும் பாராதிருக்கும் இந்த உண்மையைக் காட்டித் தருவதே நிலக்காட்சி ஓவியம்.

இக்கலை ஓவியர்களால் மட்டும் வளர்ந்துவிடவில்லை. அவர்களைத் தாங்கிய புரவலர்களும் இருந்தார்கள். புரவலருள் பலர் பணம் கொடுத்துப் படம் வாங்கியதோடு நின்றவர்கள். வேறு சிலரோ, ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளாவிட்டாலும் ஓய்வு நேரத்தில் தாமும் தூரிகை பிடித்துப் பழகியவர்கள். ஓவர்லாக் மிஷினில் தாமே உட்கார்ந்து தைத்துப் பழகிய பனியன் கம்பெனி முதலாளிக்கு, ஒரு பீஸை முடிக்க எவ்வளவு நேரமும் கண்வலியும் ஆகும் என்பது தெரியும் அல்லவா? அதுபோலவே, வரைந்து பார்த்தவர் ஓவியரைத் தாங்கும்போது அந்த ஆதரவுக்கே ஒரு தனித்தன்மை வந்துவிடுகிறது. அதனை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நம் ஆற்றங்கரையில் ஒரு முன்னோடி

முதலில் நம் முன்னோரைப் பார்ப்போம். சங்க காலச் சேரருள் ஒருவன் பாலை பாடிய பெருங்கடுங்கோ. அரசனாகிய அவனே ஒரு புலவன். அதிலும் நிலத்தைப் பாடியவன். காய்ந்து வறண்ட பாலை நிலத்தை அவன் கூர்ந்து நோக்கியிருக்கிறான். பெண் யானையின் பசி தீர்க்க யா மரத்தின் பட்டையை உரித்துக் கொடுக்கும் ஆண் யானையைக் குறுந்தொகையில் நமக்குக் காட்டுபவன் அவனே. தூரிகைக்குப் பதில் சொல்லால் தீட்டிய நிலக்காட்சி அது.

இப்பெருங்கடுங்கோவைப் பாடிப் பாராட்டியவர் பேய்மகள் இளவெயினி என்னும் பெண்பாற் புலவர். புறநானூற்றின் 11ஆம் பாடல் அவருடையது. பொருநை ஆற்றங்கரையில் பெண்கள் மணலில் பாவை செய்து, பூக்கொய்து, நீராடும் காட்சியோடு அப்பாடல் தொடங்குகிறது. அரசனைப் பாடிய பாடினி பொன்னணி பெற்றாள் என்றும், உடன் இசைத்த பாணன் வெள்ளி நாரில் தொடுத்த பொற்றாமரை பெற்றான் என்றும் அது கூறுகிறது. கரூரே பழைய வஞ்சி மாநகர் என்று கொள்ளும் அறிஞர்கள், இந்தப் பொருநையை நம் அமராவதி என்பார்கள். கரூரை அடுத்த புகளூர் மலைக் கல்வெட்டிலும் பெருங்கடுங்கோன் என்ற பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

பாடத் தெரிந்த அரசனின் அவையில் ஒரு பெண் புலவர் பாடுகிறார். அப்பாடலில் ஆற்றங்கரை உயிர்பெறுகிறது. கலைஞனே புரவலனாக இருப்பது நமக்குப் புதிய செய்தியன்று என்பதற்கு இதுவே சான்று.

திருப்படத்தின் பின்னால் இருந்த மலை

இனி ஓவியத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் நிலக்காட்சி நெடுங்காலம் தனிப்படமாக இருக்கவில்லை. புனிதர்களின் படங்களில் அவர்களுக்குப் பின்னால், சிறு சன்னல் வழியாகத்தான் அது எட்டிப் பார்த்தது. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் அந்தொனெல்லோ தா மெசினா வரைந்த “படிப்பறையில் புனித ஜெரோம்” என்ற படத்தில், புனிதர் மேசையருகே நூல் வாசிக்கிறார். அவருடைய சிங்கம் நிழலில் நிற்கிறது. பின்புறச் சன்னல்களுக்கு அப்பால் குன்றும் ஆறும் தெரிகின்றன. அதே நூற்றாண்டில் மாந்தேஞா வரைந்த “தோட்டத்தில் ஆண்டவரின் வேதனை” என்ற படத்தில், ஆண்டவர் பாறை மேல் முழந்தாளிட்டுச் செபிக்கிறார். சீடர் மூவர் உறங்குகின்றனர். யூதாஸ் படைவீரரோடு வந்துகொண்டிருக்கிறான். இவர்களுக்குப் பின்னால் மலைகளும் ஒரு நகரமும் விரிகின்றன. பின்னால் இருந்த இந்த மலையும் ஆறும் படிப்படியாக முன்னுக்கு வந்து, 17ஆம் நூற்றாண்டுக்குள் தனிக் கலையாக நிலைபெற்றன. நம் சிற்றாலயத்தில் உள்ள திருப்படங்களிலும் ஒருமுறை பின்னணியைப் பாருங்கள்.

மேற்சொன்ன இரு படங்களும் இன்று லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளன. அக்கூடம் அவற்றை 1894இல் வாங்கியது. யாரிடமிருந்து என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. இந்தியாவின் வைஸ்ராயாக 1872 முதல் 1876 வரை இருந்த நார்த்புரூக் பிரபுவின் குடும்பச் சேகரிப்பிலிருந்தே அவை வாங்கப்பட்டன.

வைஸ்ராயும் ஓவியரும்

தாமஸ் ஜார்ஜ் பாரிங் என்பது நார்த்புரூக் பிரபுவின் இயற்பெயர். 1826இல் பிறந்தவர். பாரிங் குடும்பத்தார் பெரும் வங்கி வணிகர்கள். பெரியோர் ஈட்டிய ஓவியச் செல்வம் 1873இல் இவர் கைக்கு வந்தது. இவர் படங்களைச் சேர்த்து வைத்ததோடு நில்லாமல், பொழுதுபோக்காகத் தாமும் சித்திரம் தீட்டி வந்தார். இளமையில் ரோமாபுரியில் இருந்தபோது எட்வர்ட் லியர் என்ற ஓவியர் இவருக்கு நண்பரானார்.

லியரின் வாழ்க்கை எளிதானதன்று. 1812இல் லண்டனில், இருபது பிள்ளைகளுக்கும் குறையாத ஒரு குடும்பத்தின் கடைசிப் பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். சிறு வயது முதல் காக்காய் வலிப்பு. அதோடு மூச்சிரைப்பு, மங்கலான கண்பார்வை. மூத்த அக்காள் ஆன் என்பவரே தாயாக இருந்து வளர்த்தார். ஏறத்தாழ 15 வயதிலேயே படம் வரைந்து வயிறு கழுவ வேண்டிய நிலை. முதலில் கிளிகளை வரைந்து பெயர் பெற்றார். 1846இல் விக்டோரியா மகாராணிக்கே சித்திரப் பாடம் சொல்லிக்கொடுத்தார். சிறுவர்களுக்கான வேடிக்கைப் பாடல்களால் உலகம் இவரை இன்றும் அறிந்திருக்கிறது. ஆனால் இவர் தம்மை நிலக்காட்சி ஓவியராகவே கருதினார்.

நார்த்புரூக் வைஸ்ராயாக நியமனம் பெற்றதும், இந்தியாவுக்கு வந்து விரும்பியபடி சுற்றிப் பார்த்து வரையலாம் என்று நண்பரை அழைத்தார். லியர் 1872இல் புறப்பட்டார். சூயெஸ் வரை வந்து மனம் கலங்கித் திரும்பிவிட்டார். அழைத்தவர் கோபித்துக்கொண்டு கைவிடவில்லை. அடுத்த ஆண்டு லியர் மீண்டும் புறப்பட்டு, 1873 நவம்பர் 22ஆம் நாள் பம்பாயில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 61. துணைக்கு வந்தவர், பல ஆண்டுகள் அவரோடு இருந்த ஜார்ஜியோ கொக்காலி என்ற கிரேக்கப் பணியாளர்.

கல்கத்தாவில் வைஸ்ராய் மாளிகையின் விருந்தும் ஆரவாரமும் லியருக்கு ஒத்துவரவில்லை. பரபரப்பு மிகுந்த அந்த மாளிகைக்கு அவர் வேடிக்கையாகப் பட்டப்பெயரே சூட்டினார். இங்கேதான் வரையத் தெரிந்த புரவலரின் அருமை தெரிகிறது. தம் அவையை அலங்கரிக்க லியரை அருகிலேயே வைத்துக்கொள்ளாமல், அவர் போக்கில் போகவிட்டார் நார்த்புரூக். லியர் டார்ஜிலிங் சென்று 1874 ஜனவரியில் கஞ்சன்ஜங்காச் சிகரத்தை வரைந்தார். காசி, ஆக்ரா, டெல்லி, சிம்லா என்று அலைந்தார். பின்னர் தெற்கே திரும்பினார்.

தமிழ்நாட்டில் லியர்

1874இன் பிற்பகுதியில் லியர் தமிழ்நாட்டில் இருந்தார். காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில் ஆகியவை அவர் தாள்களில் ஏறின. அங்கிருந்து நீலகிரிக்கு வந்தார். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1862 முதலே ஈரோடு, திருப்பூர் வழியாக இருந்தது. 1873இல் மேட்டுப்பாளையத்துக்கும் ரயில் வந்துவிட்டது. குன்னூருக்கு மலை ரயில் 1899இல்தான் ஓடியது; ஆகவே அவர் சாலை வழியாகவே மலையேற வேண்டியிருந்தது. நம் கொங்கு நாட்டின் வடமேற்கு எல்லையில் நிற்கும் அந்த மலையை, வயதும் நோயும் தளர்த்திய ஒரு மனிதர் மடியில் தாளை வைத்துக்கொண்டு வரைந்ததை எண்ணிப் பாருங்கள்.

அவர் வரைந்த முறை நமக்கும் பயன்படும். காட்சி எதிரே அமர்ந்து முதலில் பென்சிலால் கோடுகளை மட்டும் விரைவாகப் போடுவார். வண்ணம் தீட்ட அங்கே நேரம் இராது. ஆகவே எந்த இடத்தில் என்ன நிறம், எது நிழல், எது பாறை என்பதைப் படத்தின் மேலேயே சொற்களாக எழுதிவைப்பார். இடம், நாள், சில வேளைகளில் மணி கூடக் குறித்துக்கொள்வார். இருப்பிடம் திரும்பிய பின் கோடுகளின் மேல் மை ஓட்டி, குறிப்பைப் பார்த்து நீர்வண்ணம் பூசுவார். பெரிய எண்ணெய் வண்ணப் படங்கள் இவற்றிலிருந்து பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள் கழித்து உருவாகும். கஞ்சன்ஜங்கா ஓவியங்களுள் அபெர்டேர் பிரபுவுக்காக வரைந்தது 1877இல்தான் முடிந்தது. இந்தக் காலத் தாழ்வைப் பொறுத்துக்கொள்ள, படத்தின் உழைப்பு தெரிந்த புரவலர்கள் வேண்டும்.

1874 நவம்பரில் லியர் இலங்கைக்குச் சென்றார். அங்கே கொக்காலி கடும் வயிற்றுக்கடுப்பால் படுத்துவிட்டார். பயணம் தடைப்பட்டது. 1875 ஜனவரியில் இருவரும் பம்பாயிலிருந்து கப்பலேறினர். லியர் 1888இல் இத்தாலியின் சான் ரேமோ நகரில் காலமானார்.

பழுப்பு வயலினும் பச்சைப் புல்லும்

வரையத் தெரிந்தவர் புரவலரானால் ஓர் ஆபத்தும் உண்டு. “எனக்கும் தெரியும்” என்று ஓவியருக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார்! இதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் உண்டு.

சர் ஜார்ஜ் போமன்ட் (1753–1827) செல்வர். சிறந்த ஓவியங்களைச் சேர்த்தவர். தாமும் நிலக்காட்சி வரைந்தவர். குளோட் என்ற பழைய ஓவியர் 1646இல் வரைந்த “ஆகாரும் வானதூதரும்” அவருடைய உயிர்ப்படம். பாலைவழியில் ஆகாரிடம் வானதூதர் பேசும் தொடக்க நூல் நிகழ்ச்சி அதில் இருக்கிறது. ஆனால் கண்ணைக் கவர்வது மரங்களும் ஆறும் தொலைவின் ஒளியும்தான். வெளியூர் போகும்போது வண்டியிலேயே அப்படத்தை உடன் கொண்டுபோவாராம். ஜான் கான்ஸ்டபிள் என்ற இளைஞருக்கு அவர் அப்படத்தைக் காட்டினார். தம்மிடமிருந்த நல்ல நீர்வண்ணப் படங்களையும் காட்டிப் படிக்கச் செய்தார். ஆலைக்காரர் மகனான கான்ஸ்டபிள் பின்னாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த நிலக்காட்சி ஓவியருள் ஒருவரானார்.

போமன்டுக்கு ஒரு பிடிவாதம். படம் பழைய வயலினைப் போலப் பழுப்பாக இருக்க வேண்டும் என்பார். கான்ஸ்டபிள் எதிர்த்து வாதாடவில்லை. ஒரு பழைய வயலினை எடுத்துக்கொண்டுபோய் வீட்டின் முன்னிருந்த பசும்புல்லின் மேல் வைத்துக் காட்டினார். புல் எப்படி இருக்கிறது, வயலின் எப்படி இருக்கிறது என்பதை அவரவர் கண்ணே பார்த்துக்கொண்டது. இதனால் நட்பு முறியவில்லை. 1823இல் கான்ஸ்டபிள் போமன்டின் வீட்டில் பல வாரங்கள் தங்கி, குளோடின் ஓவியங்களைப் பார்த்துப் பிரதி எடுத்தார். நல்ல புரவலர் கருத்துச் சொல்லலாம். ஓவியரின் கண்ணைத் தம் கண்ணால் மாற்ற முயலக் கூடாது.

போமன்ட் செய்த பெருங்காரியம் இன்னொன்று. தம் படங்களை அவர் நாட்டுக்குக் கொடுத்தார். 1824இல் லண்டன் தேசிய ஓவியக் கூடம் உருவானதற்கு அக்கொடை ஒரு தூண்டுகோல். “ஆகார்” படத்தைப் பிரிய மாட்டாமல் தம் ஆயுள் மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். இறப்புக்குப் பின் அது பொதுமக்களுக்கே போய்ச் சேர்ந்தது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

நார்த்புரூக்கின் ஆதரவைப் பாராட்டும்போது ஒன்றை மறக்கலாகாது. வைஸ்ராயின் சம்பளம் இந்திய மக்களின் வரிப்பணம். லியர் இங்கே வரைந்துகொண்டிருந்த 1873–74ஆம் ஆண்டுகளில் பீகாரில் பஞ்சம். மக்கள் பசித்திருக்கும்போது ஓவியம் வேண்டுமா என்று கேட்பது நியாயமே. நார்த்புரூக் அப்பஞ்சத்தில் கைகட்டி இருக்கவில்லை. பர்மாவிலிருந்து 4 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி வரவழைக்கப்பட்டது; பெருஞ்சாவு தவிர்க்கப்பட்டது. செலவு மிகுதி என்று அவருடைய அரசு ஏச்சும் வாங்கிற்று. அவர் சென்ற பின் வந்த 1876–78 தாது வருடப் பஞ்சத்தில், அடுத்த வைஸ்ராயின் சிக்கனம் தென்னாட்டில் பல லட்சம் உயிர்களைக் காவு கொண்டது. நம் கொங்கு நாடும் அதில் தப்பவில்லை. ஓவியம் வரைந்ததால் நார்த்புரூக் இரங்கினார் என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஆனால் கலையை ஆதரிப்பதும் பசித்தவரைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அந்த ஆண்டுகள் சான்று.

இரண்டாவது கேள்வி: அந்தப் படங்கள் எங்கே? லியரின் இந்தியச் சித்திரங்களில் பெரும்பகுதியும் பயண நாட்குறிப்பும் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. 150 ஆண்டுகளுக்கு முந்தைய நம் குன்னூரையும் திருச்சியையும் காண அங்கேதான் தேட வேண்டும். சேர்ப்பவர் யாரோ அவரிடமே செல்வம் தங்குகிறது. நம் ஊர்களை வரைந்தவர்களும் உண்டு. சேர்த்து வைத்தவர்கள் குறைவு.

இந்தக் குறையின் விலை என்ன? நொய்யலை எண்ணுங்கள். சாயக்கழிவால் அந்த ஆறு நிறம் மாறியதும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நம் பெற்றோர் அறிந்தவை. அதற்கு முன் அந்த ஆற்று நீர் என்ன நிறமாக இருந்தது என்று ஒரு சிறுமி கேட்டால், வாய்வார்த்தையாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. கரையோரத்து வீடு ஒன்றில் அந்நாளைய நீர்வண்ணப் படம் ஒன்று இருந்திருந்தால் அதைக் காட்டியிருக்கலாம்.

வீட்டிலேயே ஒரு புரவலர்

வைஸ்ராய்களும் பிரபுக்களும் மட்டுமே புரவலராக முடியுமா? கேரளத்துக் கிளிமானூர் குடும்பத்தைப் பாருங்கள். 1848இல் பிறந்த ரவிவர்மாவின் திறமையை முதலில் கண்டுகொண்டவர் அவருடைய தாய்மாமன் ராஜராஜ வர்மா. அவரும் ஓய்வில் வரைந்தவரே. மருமகனுக்கு முதற்பாடம் சொல்லி, 1862இல் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று மகாராஜாவிடம் அறிமுகப்படுத்தினார். ரவிவர்மா தேவியர் படங்களால் புகழ்பெற்றார். அவருடைய தம்பி சி. ராஜராஜ வர்மா (1860–1905) நிலக்காட்சி ஓவியத்தில் சிறந்தார். தங்கை மங்களபாயித் தம்புராட்டியும் தேர்ந்த ஓவியர். ஆனால் அண்ணன்மாருக்குக் கிடைத்த வெளியுலகம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரே வீட்டில் பிறந்தும் பெண்ணின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பெற்றோர்களே, இதனை உங்கள் முன் வைக்கிறோம். மகள் நோட்டின் ஓரத்தில் மலை வரைந்தால் “படிக்கிற நேரத்தில் கிறுக்கல் எதற்கு?” என்று கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். நல்ல தாளும் ஒரு வண்ணப்பெட்டியும் பெரிய செலவல்ல. வரைந்ததைப் பழைய பேப்பரோடு கடையில் போடாமல், நாள் எழுதி ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். முடிந்தால் நீங்களும் அவளருகே உட்கார்ந்து ஒரு மரத்தை வரைந்து பாருங்கள். சரியாக வராது, அப்போதுதான் அவள் வரைந்ததன் அருமை தெரியும்.

செய்து பார்க்க

1. ஞாயிறு மாலை வீட்டாரோடு ஆற்றங்கரைக்கோ வயல் வரப்புக்கோ செல்க. லியரைப் போலப் பென்சிலால் கோடு மட்டும் வரைக. நிறங்களைச் சொல்லால் எழுதுக. இடம், நாள், மணி குறிக்க. வீட்டில் வண்ணம் தீட்டுக.

2. அதே இடத்தை அதே நேரத்தில் கோடையில் ஒருமுறையும் ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறையும் வரைந்து ஒப்பிடுக.

3. பாட்டியிடமோ தாத்தாவிடமோ அந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்று கேட்டுப் படத்தின் பின்புறம் எழுதுக.

4. தோழி வரைந்த படம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துக. அன்று முதல் நீயும் ஒரு புரவலர்.

இப்படிச் சேரும் படங்களைப் பள்ளி நூலகத்தில் ஒரு பேழையில் ஆண்டுதோறும் வைத்து வருவோமானால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இங்கே படிக்க வரும் பெண்கள் தங்கள் பாட்டிமார் கண்ட அமராவதியை நம் ஊரிலேயே காண்பார்கள்.